அவுட்லுக்: மெயில் ஒரு திரையில், காலண்டர் ஒரு திரையில் – கைகண்ட வழிகள்

கிளாசிக் அவுட்லுக்கில் (விண்டோஸ் கம்ப்யூட்டரில் நிறுவப்படும் மைக்ரோசாஃப்டின் பழைய மெயில் செயலி) காலண்டர் ஐகானைச் சாதாரணமாகக் கிளிக் செய்தால் மெயில் இருந்த விண்டோவே காலண்டராக மாறிவிடும். கண்ட்ரோல் + 2 அழுத்தினாலும் அதேதான். தனி விண்டோ வேண்டுமென்றால் ஐகானில் வலது கிளிக் செய்து ‘ஓபன் இன் நியூ விண்டோ’ கொடுங்கள். சென்ட் ஐட்டம்ஸ் போன்ற ஃபோல்டர்களுக்கும் இதே வழிதான். திறந்த விண்டோ மெயிலுக்கு மேலேயே வந்து உட்காரும். விண்டோஸ் கீ + ஷிஃப்ட் + வலது அம்பு அழுத்தினால் அடுத்த மானிட்டருக்குப் போய்விடும்.

– – –

பெரும்பாலானோர் தடுமாறுவது திறப்பதில் இல்லை, மூடுவதில். மாலையில் ஒவ்வொரு விண்டோவாக எக்ஸ் குறியை அழுத்தி மூடிவிட்டு, மறுநாள் காலையில் காலண்டர் தானாக வரவில்லையே என்று தேடுவார்கள். வராது. எல்லா விண்டோக்களும் திறந்திருக்கும்போதே ஃபைல் மெனுவுக்குப் போய் ‘எக்ஸிட்’ கொடுக்க வேண்டும். அப்போதுதான் எத்தனை விண்டோ இருந்தது, எது எங்கே இருந்தது என்பதை அவுட்லுக் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை அப்படியே திறக்கும். டாஸ்க் மேனேஜரில் ‘எண்ட் டாஸ்க்’ கொடுத்து முடித்தால் அந்தக் குறிப்பு எழுதப்படாது.

– – –

மூடும் முறையை நினைவில் வைத்துக்கொள்ள முடியாதவர்களுக்கு, காலண்டரை நேராகத் திறக்கும் ஒரு ஷார்ட்கட் போதும். அவுட்லுக் ஷார்ட்கட்டை டெஸ்க்டாப்பில் நகலெடுத்து, ப்ராபர்ட்டீஸில் ‘டார்கெட்’ பெட்டியைப் பாருங்கள். பாதை மேற்கோள் குறிக்குள் இருந்தால், குறி முடிந்த பிறகு ஓர் இடைவெளி விட்டு /செலக்ட், மறுபடி ஓர் இடைவெளி, பிறகு அவுட்லுக்:காலண்டர் (முழுவதும் ஆங்கில எழுத்தில், முக்காற்புள்ளியின் இருபுறமும் இடைவெளி கூடாது). மேற்கோள் குறிக்குள்ளேயே எழுதிவிட்டால் ‘டார்கெட்’ செல்லாது என்று பிழை வரும். பாதி சிக்கல் இங்கேதான்.

ஒன்று கவனிக்க: அவுட்லுக் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தாலும், இந்த ஷார்ட்கட்டை அழுத்தும்போதெல்லாம் இன்னொரு காலண்டர் விண்டோ திறக்கும். பொறுமையில்லாமல் மூன்று முறை தட்டினால் மூன்று காலண்டர். மெயிலுக்கான ஷார்ட்கட்டில் /ரீசைக்கிள் என்று சேர்த்தால் புதிதாகத் திறக்காமல் இருக்கிற விண்டோவையே முன்னால் கொண்டுவரும்.

– – –

விண்டோ எத்தனை இருந்தாலும் பின்னால் ஓடுவது ஒரே அவுட்லுக்தான். அதனால் ஒரு ஆட்-இன் (அவுட்லுக்கோடு சேர்ந்து ஓடும் துணை நிரல்) சிக்கிக்கொண்டால் எல்லா விண்டோவும் சேர்ந்தே உறையும். காலண்டர் விண்டோவில் ‘ஆப்ஷன்ஸ்’ பெட்டியைத் திறந்து அப்படியே விட்டுவிட்டு மெயிலுக்குப் போனால் அங்கே எதுவும் நகராது. ‘ஒரு உரையாடல் பெட்டி திறந்திருக்கிறது, மூடிவிட்டு முயலவும்’ என்ற பொருளில் செய்தி வரும். அந்தப் பெட்டி அடுத்த மானிட்டரில் எங்காவது ஒளிந்திருக்கும், தேடி மூடுங்கள். இரண்டு ப்ரொஃபைலை (அக்கவுண்ட்களும் அமைப்புகளும் அடங்கிய தொகுப்பு) ஒரே நேரத்தில் திறக்க முடியாததற்கும், பின்னால் ஒரே அவுட்லுக் ஓடுவதே காரணம். இரண்டு அக்கவுண்ட் வேண்டுமென்றால் ஒரே ப்ரொஃபைலில் இரண்டையும் சேர்த்துவிட்டு, ஒவ்வொரு இன்பாக்ஸையும் தனி விண்டோவில் திறக்கலாம்.

– – –

லேப்டாப் திரை 150 சதவீதம், வெளி மானிட்டர் 100 சதவீதம் என்று ஸ்கேலிங் (திரையில் எழுத்தும் பட்டனும் பெரிதாகத் தெரியும் அளவு) வேறுபட்டிருந்தால், நகர்த்திய விண்டோவில் பட்டன்கள் அளவு மாறிக் கோணலாகத் தெரியலாம். ஃபைல் > ஆப்ஷன்ஸ் > ஜெனரல் போய், பல திரைகளுக்கான அமைப்பில் ‘ஆப்டிமைஸ் ஃபார் கம்பாடிபிலிட்டி’யைத் தேர்ந்து அவுட்லுக்கை மூடித் திறங்கள். எழுத்து கொஞ்சம் மங்கலாகும், ஆனால் அமைப்பு கலையாது.

மானிட்டரைக் கழற்றிய பிறகு விண்டோ கண்ணில் படவில்லையா? டாஸ்க்பாரில் அதைத் தேர்ந்து ஆல்ட் + ஸ்பேஸ், பிறகு எம் எழுத்து, ஒரு அம்புக்குறி. அதன்பின் மவுஸை அசைத்தாலே விண்டோ கூடவே வந்துவிடும்.