ரஷ்யப் பெண் ஓவியர்கள்: நவீனத்துவத்தில் அவர்களுக்கு இடம் தந்தது புரட்சியா?

செங்கோடு:
1917ஆம் ஆண்டுப் புரட்சிதான் ரஷ்யப் பெண் ஓவியர்களை நவீன ஓவியத்தின் முன்வரிசைக்குக் கொண்டுவந்தது என்பது என் கருத்து. 1921இல் மாஸ்கோவில் நடந்த ‘5×5=25’ கண்காட்சியில் பங்கேற்ற ஐவரில் போப்போவா, ஸ்தெபானவா, எக்ஸ்தர் ஆகிய மூவர் பெண்கள்.

வண்ணத்துளி:
நீங்கள் கணக்கைத் தாமதமாகத் தொடங்குகிறீர்கள். நிர்வாண ஓவியங்களுக்காக 1910இல் ஆபாச வழக்கைச் சந்தித்து விடுதலையான கோன்சரோவா, 1913இல் மாஸ்கோவில் 700க்கும் மேற்பட்ட படைப்புகளுடன் தனிக் கண்காட்சியே நடத்திவிட்டார். ஓவியர் மாலெவிச்சின் ‘கறுப்புச் சதுரம்’ என்ற ஓவியம் முதன்முதலில் மாட்டப்பட்ட 1915ஆம் ஆண்டு ‘0,10’ கண்காட்சியில் கலந்துகொண்ட 14 பேரில் பாதிப்பேர் பெண்கள். அப்போது ஆண்டுகொண்டிருந்தவர் ஜார்.

ரோசனவா 1917இல் தீட்டிய ‘பச்சைப் பட்டை’ ஓவியத்தையும் பாருங்கள். வெளிர் நிறப் பரப்பில் மேலிருந்து கீழாக ஒரே ஒரு பச்சைப் பட்டை, அவ்வளவுதான். வேறு உருவமோ கதையோ கிடையாது. அமெரிக்க ஓவியர் பார்னெட் நியூமன் தமக்கே உரிய செங்குத்துக் கோட்டைக் கண்டடைந்தது 1948இல். (இருவரில் யார் பெயர் பாடநூல்களில் அதிகம் வருகிறது என்பது வேறு வயிற்றெரிச்சல்.)

செங்கோடு:
ஜார் காலத்தில் அந்த வாய்ப்பு பெரும்பாலும் வசதி படைத்தவர்களுக்கே கிடைத்தது. போப்போவா 1912இல் பாரிஸ் சென்று, பொருள்களை வடிவியல் துண்டுகளாகப் பிரித்துக் காட்டும் கியூபிச ஓவியமுறையைப் பயில முடிந்ததற்குத் துணி வணிகரான தந்தையின் செல்வமும் ஒரு காரணம். திறமையைப் பொதுப்பணியாக மாற்றியது புதிய அரசுதான். தொண்டை அடைப்பான் நோயால் 1918இல் இறப்பதற்கு முன், ரோசனவாவும் கல்வி ஆணையகத்தில் தொழிற்கலைப் பொறுப்பு வகித்தார்.

வண்ணத்துளி:
பொறுப்பு தந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் எந்த வேலை? போப்போவாவும் ஸ்தெபானவாவும் 1923இல் மாஸ்கோவின் முதல் அரசுப் பருத்தி அச்சாலைக்குத் துணி வடிவமைக்கச் சென்றனர். பெண் என்றால் துணி என்ற பழைய பங்கீடு, புதிய பெயர்ப்பலகையுடன் திரும்பி வந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது.

தறிமேடை:
இதில் மட்டும் நான் செங்கோட்டின் பக்கம். அவர்கள் பூவும் கொடியும் வரைந்து கொடுத்துவிட்டு ஒதுங்கவில்லை. வட்டமும் பட்டையுமாகக் கவராயத்தாலும் அளவுகோலாலும் அமைத்த வடிவங்களைக் கொடுத்ததோடு, உற்பத்தி குறித்த முடிவுகளிலும் தங்களுக்குப் பங்கு வேண்டும் என்று ஆலையிடம் கேட்டனர். தாங்கியில் வைத்துத் தீட்டிச் சுவரில் மாட்டும் ஓவியத்தின் காலம் முடிந்துவிட்டது என்று நம்பியவர்களுக்கு ஆலை பதவி இறக்கம் ஆகாது. ஆண்களான ரோத்சென்கோவும் தாத்லினும் அதே நம்பிக்கையோடுதான் பயன்பாட்டுப் பொருள்களை வடிவமைத்தனர்.

வண்ணத்துளி:
கேட்டார்கள் என்பது சரி. 1924இல் செங்காய்ச்சலால் போப்போவா மறைந்தபோது, அந்தக் கோரிக்கையில் ஆலை எவ்வளவு நிறைவேற்றியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், பிறகு பேசலாம்.