காரைக்குடியில் இருந்துகொண்டே விளையாட்டு வீரர்களுக்காக வழக்காட முடியுமா?

பள்ளத்தூர் மாணவி:

வணக்கம். சட்டப் படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறேன். பள்ளி நாட்களில் நீளம் தாண்டுதலில் மாவட்டப் போட்டி வரை சென்று, கணுக்கால் பிசகியதோடு களத்தை விட்டவள். அதனாலோ என்னவோ, விளையாட்டு வீரர்களுக்காக நீதிமன்றத்தில் நின்று சாட்சிகளை விசாரிக்கும் வழக்குரைஞராக வேண்டும் என்ற எண்ணம் விடாமல் இருக்கிறது. உடன் படிப்பவர்களோ, அது டெல்லியில் சிலர் மட்டும் செய்யும் வேலை என்றும், காரைக்குடியில் அலுவலகம் போட்டால் பாகப்பிரிவினையும் காசோலை வழக்கும்தான் வரும் என்றும் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது சரியா? நான் எந்தச் சீனியரிடம் சேர வேண்டும், எதைக் கற்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

தேவகோட்டை வழக்குரைஞர்:

அம்மா, உன் நண்பர்கள் சொல்வதில் பாதி சரி. வீரர் ஒருவர் பதக்கத்தோடு வந்து வக்காலத்தில் கையெழுத்திடும் நாள் எனக்கு 24 ஆண்டுகளில் நாலைந்து முறைதான் வாய்த்தது. ஆனால் ஆட்டக்காரர்கள் வராமலில்லை. விபத்தில் அடிபட்டவராக, கூலி கிடைக்காதவராக, பங்காளியோடு வரப்புத் தகராறு உள்ளவராக வருகிறார்கள்.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். 22 வயதுக் கபடி ஆட்டக்காரர். பகலில் அரிசி ஆலையில் மூட்டை தூக்குவார். திருவிழாக் காலத்தில் ஊர் ஊராகச் சென்று ஆடுவார். பாடிப் போவதில் கெட்டிக்காரர் என்று பெயர். இரவில் வண்டியில் திரும்பும்போது சரக்கு வேன் மோதி வலது முழங்கால் நொறுங்கிவிட்டது. ஊனச் சான்றில் 35 விழுக்காடு என்றிருந்தது. காப்பீட்டு நிறுவனத்தின் வழக்குரைஞர் மருத்துவரிடம், "மனுதாரர் துணையில்லாமல் நடக்கிறாரா?" என்று ஒரே கேள்வி கேட்டார். "நடக்கிறார்" என்று பதில் வந்ததும், வேலை முடிந்தது என்பதுபோல் அமர்ந்துவிட்டார். அவரது குறுக்கு விசாரணை முடிந்ததும், மறு விசாரணையில் நான் மூன்று கேள்விகள் கேட்டேன். முழங்கால் இப்போது எவ்வளவு மடங்குகிறது? 70 பாகை. குந்தி உட்கார எவ்வளவு மடங்க வேண்டும்? 120 பாகைக்கு மேல். அப்படியானால் தரையிலிருந்து மூட்டையைத் தூக்கவோ, எதிரணிக் களத்தில் தாழ்ந்து கை நீட்டித் திரும்பவோ இந்தக் காலால் முடியுமா? மருத்துவர் சற்று யோசித்து, "முடியாது" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக நான் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் எலும்பு மருத்துவப் புத்தகத்தோடு கிடந்தேன்.

உடலின் ஊன விழுக்காடும் சம்பாதிக்கும் திறனில் ஏற்பட்ட இழப்பும் ஒன்றல்ல என்று ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. எழுத்தருக்கும் மூட்டை தூக்குபவருக்கும் ஒரே முழங்கால் ஒரே விலை பெறாது. அந்த வயதுக்குச் சரளா வர்மா வழக்கின் (2009) அட்டவணைப்படி பெருக்கெண், அதாவது ஆண்டு இழப்பைப் பெருக்கும் எண், 18 என்பதால், ஆண்டு வருமான இழப்பாக நாம் நிரூபிக்கும் ஒவ்வோர் ஆயிரமும் 18 மடங்காகத் திரும்பி வரும். வருமானத்துக்கு அவரிடம் ரசீது எதுவும் இல்லை. பரிசுத் தொகை அச்சிட்ட போட்டி நோட்டீஸ்களையும், அவற்றை ஒட்டிய விழாக் குழுக்காரரையும்தான் கூண்டில் ஏற்றினோம். வழக்குக் கட்டின் மேல் எம்.சி.ஓ.பி. (வாகன விபத்து இழப்பீட்டு மனு) எண்தான் இருந்தது, விளையாட்டு வழக்கு என்று யாரும் எழுதவில்லை.

உடற்கல்வி ஆசிரியர், புதுக்கோட்டை எல்லை:

ஐயா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் முழுதும் ஏற்க முடியவில்லை. விபத்து வழக்கில் காட்டும் திறமை ஊக்கமருந்துக் குற்றச்சாட்டில் பாதிக்கு மேல் உதவாது. அங்கே உள்நோக்கம் இருந்ததா என்பது முதல் கேள்வியே அல்ல. சிறுநீர் மாதிரியில் தடை செய்த பொருள் இருந்தாலே விதிமீறல், அது உடலுக்குள் எப்படி வந்தது என்று காட்டும் பொறுப்பு பெரும்பாலும் வீரர் தலையில்தான் விழும். கடையில் விற்கும் புரதப் பொடியை நம்பிக் குடித்த என் மாணவன் ஒருவனுக்கு அறிவிப்பு வந்தபோது, 'பி' மாதிரியை, அதாவது அதே மாதிரியில் தனியாகப் பிரித்து வைத்த இரண்டாம் புட்டியை, சோதிக்கக் கேட்கும் உரிமை உண்டு என்றுகூட அவனுக்குத் தெரியாது. எனக்கும் அன்று தெரியாது. அவன் அணுகிய வழக்குரைஞர் வாய்தா வாங்கலாம் என்றார். அந்த அறிவிப்பில் குறித்த கெடுவுக்கு வாய்தா கிடையாது.

எங்கள் மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வென்ற வெள்ளிப் பதக்கம், பாலினச் சோதனைக்குப் பின் பறிக்கப்பட்டது. ஓட்ட வீராங்கனை டூட்டி சந்த், உடலில் ஆண் ஹார்மோன் அளவு கூடுதல் என்ற விதியால் 2014இல் ஒதுக்கப்பட்டபோது சுவிட்சர்லாந்தின் லோசானில் உள்ள விளையாட்டு நடுவர் தீர்ப்பாயம் வரை சென்றார். 2015 ஜூலையில் அந்த விதியே நிறுத்தி வைக்கப்பட்டது. ஒருவருக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்று சொல்ல ஆள் இருந்தது, மற்றவருக்கு இல்லை என்றுதான் நான் பார்க்கிறேன். ஆகவே தங்கை, 2022ஆம் ஆண்டின் தேசிய ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டத்தையும் அதன் கீழுள்ள விதிகளையும் இப்போதே படித்து வையுங்கள். 2025இல் வந்த தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம் தனித் தீர்ப்பாயத்துக்கும் வழி செய்திருக்கிறது.

பள்ளத்தூர் மாணவி:

இருவருக்கும் நன்றி. ஒரு சிறு ஐயம். கட்டணம் தர இயலாத வீரரிடம், வரும் இழப்பீட்டில் ஒரு பங்கு என்று பேசிக்கொள்ளலாமா? அமெரிக்காவில் அப்படித்தான் நடக்கிறது என்று படித்தேன். முதல் சில ஆண்டுகள் எப்படி ஓட்டுவது என்றும் சொல்லுங்கள்.

தேவகோட்டை வழக்குரைஞர்:

ஆசிரியர் சொன்ன கெடு விஷயத்தில் என் குறையை ஒப்புக்கொள்கிறேன். அந்த விதிகளை நானும் பிந்தித்தான் படித்தேன். விபத்து மனுவுக்கும் இப்போது கெடு வந்துவிட்டது. 2022 ஏப்ரல் முதல், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்பது சட்டத்தில் இருக்கிறது.

பங்கு பேசுவது கூடாது. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும் கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதையும் இந்திய வழக்குரைஞர் மன்றத்தின் நடத்தை விதி 20 தடுக்கிறது. ஊரில் சிலர் செய்கிறார்களே என்பாய். செய்கிறார்கள், நீ செய்யாதே. இயலாதவரிடம் குறைத்து வாங்கு, தவணையாக வாங்கு, சில சமயம் வாங்காமலே நடத்து. ஆனால் எவ்வளவு என்று முதல் நாளே சொல்லிவிடு.

ஜூனியர்களுக்கு மாத உதவித்தொகையாகச் சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாயும் பிற ஊர்களில் 15,000 ரூபாயும் தர வேண்டும் என்று 2024இல் உயர் நீதிமன்ற உத்தரவை ஒட்டிச் சுற்றறிக்கை வந்தது. சுற்றறிக்கையில் இருப்பது கையிலும் கிடைக்கிறதா என்று சேருமுன் கேட்டுக்கொள்.

பாகப்பிரிவினையை இளக்காரமாக நினைக்காதே. எண்பது சாளரம் வைத்த வீட்டுக்கு முப்பது பங்காளிகள், அவர்களில் ஐவர் மலேசியாவில், இருவரின் பொது அதிகாரப் பத்திரம் காலாவதி, இதற்கிடையே முகப்புத் தேக்குத் தூண் இரண்டு முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைக்குப் போய்விட்டன என்று ஒரு ஆச்சி வந்து அழுவார். யாருக்கு நீதிமன்ற அறிவிப்பு போய்ச் சேர்ந்தது, எந்த ஆவணம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று அந்த வழக்குக் கட்டுக்குள் பார்க்கப் பழகியவள், நாளை சிறுநீர் மாதிரிப் புட்டி யார் கையிலிருந்து எந்த ஆய்வகத்துக்குப் போனது என்பதையும் அதே கண்ணால் பார்ப்பாள்.

சீனியரைத் தேடுவதற்கு ஒரு வழி சொல்கிறேன். விபத்து மனுக்களில் மருத்துவர் சாட்சி சொல்ல வரும் நாள் எது என்று குமாஸ்தா எவரையாவது கேட்டுக்கொண்டு, சார்பு நீதிமன்றத்தின் பின் பெஞ்சில் காலை பத்தரைக்கே போய் உட்கார். நாலைந்து நாள் கேட்டால், எவர் எழுதி வந்த கேள்வியை வாசிக்கிறார், எவர் சாட்சியின் பதிலைக் கேட்டு அடுத்த கேள்வியைக் கேட்கிறார் என்று தெரிந்துவிடும். இரண்டாமவர் அலுவலகத்துக்கு மாலை ஆறு மணிக்குப் போ. பகலில் அவரிடம் பேச முடியாது.