கச்சத்தீவில் ஓடுதளம்: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு நாள்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவின் பெயர் 'தாத்தா வீடு'. தங்கச்சிமடத்தில் அந்த வீடு இப்போது இல்லை, குழு மட்டும் இருக்கிறது. மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு நாள் அதில் நடந்த பேச்சை இங்கே போடுகிறேன். பெயர்களை எடுத்துவிட்டேன். குரல் பதிவுகளை எழுத்தாக்கியிருக்கிறேன், எழுத்துப் பிழைகளையும் திருத்தியிருக்கிறேன். 'நான்' என்று வருவது மதுரையில் சட்டம் படிக்கும் நானேதான். பெரியப்பா பார்க்கும் சேனலின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நம் மாநிலத்தில் கட்சிக்கு ஒரு கொடி, ஒரு சின்னம், ஒரு சேனல். அதனால் எப்படியும் அவரவர் தமக்குப் பிடிக்காத சேனலைத்தான் ஊகித்துக்கொள்வார்கள்.

காலை 10:05
பெரியப்பா: (படம். பலமுறை பகிரப்பட்டது)
கச்சத்தீவில் சீனாவின் விமான ஓடுதளம்! செயற்கைக்கோள் படம் சிக்கியது! நேற்று ராத்திரி நம் சேனலில் ஒரு மணி நேரம் போட்டான். ஆளுக்குப் பத்துப் பேருக்காவது அனுப்புங்கள். நம் கடல் போச்சு.

10:11
தம்பி: பெரியப்பா, படத்தைத் தேடிப் பார்த்தேன். இது தென்சீனக் கடலில் சீனா மண்ணைக் கொட்டி மேடாக்கிய ஃபியரி கிராஸ் என்ற திட்டு. அங்கே ஓடுதளம் மட்டுமே சுமார் 3 கிலோமீட்டர். நம் கச்சத்தீவு மொத்தமே 285 ஏக்கர். நீளம் ஒன்றரை கிலோமீட்டர் சொச்சம். விமானம் இறங்கினால் பாதி ஓட்டம் கடலுக்குள்தான்.

10:12
ஆட்டோ அண்ணன்: அப்பா, அது விமானமா, விசைப்படகா?

10:20
அத்தை (குரல் பதிவு): அண்ணே, இந்த வருசம் அந்தோணியார் திருவிழாவுக்குப் போய் வந்தவள் நான். ராமேஸ்வரத்தில் வெயிலில் வரிசையில் நின்று, பையைச் சோதனை போட்டு, படகேறிப் போனேன். அங்கே என்ன இருக்கிறது? புதுக் கோயில், பழைய கோயில், கொடிமரம், மிச்சம் எல்லாம் முள்ளுக்காடு. குடிக்க நல்ல தண்ணீர் ஊற்றுகூடக் கிடையாது. அக்கரைச் சனம் போட்ட கடையில் சிலோன் சோப்பு வாங்கி வந்து உங்களுக்கும் ஒன்று கொடுத்தேனே, தேய்த்துக் குளித்தீர்களே. சீனாக்காரன் விற்ற சோப்பா அது?

10:24
பெரியப்பா: உன்னைக் கோயில் பக்கம் மட்டும் விட்டிருப்பான். மறுபக்கம் என்ன இருக்கிறது என்று யார் பார்த்தது?

10:25
அத்தை: என்ன மறுபக்கம்? சிலுவைப்பாதைக்குச் சுற்றி நடந்தோமே. இந்தக் கரையில் நின்று கூப்பிட்டால் அந்தக் கரையில் கேட்கும். அப்பாவோடு நீங்களே சின்ன வயதில் ஆறேழு தடவை போனவர்தானே.

10:26
பெரியப்பா: அது போருக்கு முந்தி. இப்போது மாறியிருக்கும்.

10:27
அத்தை: நான் போய் வந்து ரெண்டு மாசம்தான் ஆகிறது!

10:31
மாமா: மச்சான், முட்டைக்குள் டைனோசர் இருக்கிறது என்று உங்கள் சேனல் சொன்னால் நீங்கள் தோசைக்கல்லை அடுப்பில் வைப்பீர்கள்.

10:33
பெரியம்மா: யாராவது அந்த டிவியை அணைக்கச் சொல்லுங்கள். அறுபத்தொரு நாளும் வீட்டில் விவாதம்தான். மீன்தான் இல்லை, காதுக்காவது ஓய்வு வேண்டாமா?

10:40
பெரியப்பா: சிரியுங்கள். எல்லாரும் சிரியுங்கள். என் படகு அக்கரையில் கிடந்த மாசம் உங்களில் எத்தனை பேர் படகுத்துறைக்கு வந்தீர்கள்? அந்த சேனல்காரன் வந்தான். மைக்கை நீட்டி 'ஐயா, நீங்க சொல்லுங்க' என்று கேட்டான். உங்கள் பெரியம்மா அழுததைக் காட்டினான். மூன்று நாள் இங்கேயே தங்கினான். மாப்பிள்ளை பார்க்கிற சேனலில் அன்றைக்கு என்ன ஓடியது? ஏதோ நடிகர் வீட்டுக் கல்யாணம்.

(இதற்கு அப்புறம் கால் மணி நேரம் யாரும் எதுவும் எழுதவில்லை. நானும்தான். அந்த மாதம் எனக்குப் பரீட்சை என்று ஊருக்கே போகவில்லை.)

10:57
நான்: பெரியப்பா, நீங்கள் சொல்வது நிஜம். நாங்கள் வரவில்லை, அவன் வந்தான். அந்த நன்றி இருக்க வேண்டியதுதான். ஆனால் அன்றைக்கு அவன் காட்டியது உங்கள் படகை. இப்போது காட்டுவது எவனோ எங்கேயோ எடுத்த படத்தை.

11:02
நான்: இதற்குள் ஒரு துளி உண்மையும் இருக்கிறது. 2021 ஜனவரியில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றிலும் சூரிய ஒளி, காற்று மின்சாரத் திட்டத்தை ஒரு சீன நிறுவனத்துக்கு இலங்கை கொடுத்தது. நமக்கு எதிரே இருக்கிற தீவுகள். அந்த வருசக் கடைசியில் சீனத் தூதர் யாழ்ப்பாணம் வந்து, ராமர் பாலத்து மணல் திட்டு வரை போய்ப் பார்த்தார். அன்றைக்கு உங்கள் சேனல் அதைப் பற்றிக் கத்தியது நியாயம். ஆனால் அந்தத் திட்டம் நின்றுபோய், 2024இல் இந்தியா பணம் கொடுத்து இந்திய நிறுவனத்துக்கே வந்தது. அதைச் சொன்னதா?

11:06
பெரியப்பா: இல்லை. நடந்திருந்தால் சொல்லியிருப்பான்.

11:07
தம்பி: பெரியப்பா!!!

11:15
பெரியப்பா: சரி தாயி, படித்த பிள்ளை நீயே சொல். லட்சக்கணக்கான பேர் பார்க்கிற சேனல். தெரிந்தே பொய் சொல்வானா? சொல்லி அவனுக்கு என்ன லாபம்?

11:16
நான்: இதற்கு அமெரிக்காவில் ஒரு வழக்கில் பதில் கிடைத்தது. பஸ்சில் இருக்கிறேன். குரல் பதிவாகப் போடுகிறேன், கேளுங்கள்.

11:24
நான் (குரல் பதிவு): 2020 நவம்பர் 3, அமெரிக்க அதிபர் தேர்தல் ராத்திரி. ஃபாக்ஸ் என்று ஒரு சேனல். டிரம்ப் ஆட்கள் காலையில் எழுந்ததும் போடுகிற சேனல் அதுதான். அரிசோனாவில் பைடன் ஜெயித்தார் என்று அதுவே முந்திக்கொண்டு அறிவித்தது. அறிவித்தது சரிதான், கடைசியில் அப்படித்தான் ஆனது. ஆனால் பார்க்கிறவர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. 'நம்ம சேனலே நமக்குத் துரோகம் பண்ணிட்டான்' என்று நியூஸ்மேக்ஸ் என்ற சின்னச் சேனலுக்கு மாற ஆரம்பித்தார்கள். ஃபாக்ஸ்காரர்களுக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அப்புறம்தான் டொமினியன் என்ற கம்பெனியின் வாக்கு இயந்திரம் ஓட்டை மாற்றிப் போட்டது என்று சொன்னவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசவிட்டார்கள். கம்பெனி வழக்குப் போட்டது. வழக்கில் அவர்களுக்குள் அனுப்பிக்கொண்ட மெசேஜ் எல்லாம் வெளியே வந்துவிட்டது. நாம் இங்கே பேசுகிற மாதிரிதான் பேசியிருக்கிறார்கள். அப்படி வந்து பேசியவர்களில் ஒருவரான சிட்னி பவல் என்ற வக்கீல் அம்மா பொய் சொல்கிறார் என்று டக்கர் கார்ல்சன் என்ற பெரிய தொகுப்பாளரே எழுதியிருக்கிறார். அதே சேனல் நிருபர் ஒருவர் 'இதற்கு ஆதாரம் இல்லை' என்று வெளியே சொன்னபோது, அவரை வேலையை விட்டுத் தூக்கச் சொல்லியும் எழுதியிருக்கிறார். காரணம்? பங்கு விலை இறங்குகிறதாம்.

11:29
நான்: லாபம் கேட்டீர்களே பெரியப்பா, அதுதான் லாபம். உண்மையைச் சொன்னால் நீங்கள் சேனலை மாற்றிவிடுவீர்கள் என்று அவனுக்குப் பயம். நீங்கள் அவனைப் பிடித்துக்கொண்டிருப்பதாக நினைக்கிறீர்கள், அவன் உங்கள் ரிமோட்டைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருக்கிறான்.

11:31
பெரியம்மா: ரிமோட் என்னிடம்தான் இருக்கிறது. அவர் தேடிக்கொண்டிருக்கிறார்.

11:33
ஆட்டோ அண்ணன்: வழக்கு என்ன ஆச்சு பாப்பா?

11:36
நான்: விசாரணை தொடங்க வேண்டிய நேரத்தில், 2023 ஏப்ரல் 18 அன்று, 78.75 கோடி டாலர் கொடுத்து சமரசம் ஆனார்கள். அன்றைய மதிப்பில் நம் பணம் ஆறாயிரம் கோடிக்கு மேல். ஆனால் திரையில் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இல்லை. அதே சேனலை மட்டும் பார்க்கிறவருக்கு விஷயம் எவ்வளவு போய்ச் சேர்ந்திருக்கும்?

11:40
மாமா: ஓட்டை மறுபடி எண்ணிப் பார்த்திருக்கலாமே.

11:44
நான்: எண்ணினார்கள் மாமா. ஜார்ஜியாவில் சுமார் 50 லட்சம் சீட்டையும் கையால் எண்ணினார்கள், பைடன்தான். அரிசோனாவில் டிரம்ப் கட்சி செனட்டர்களே ஆள் வைத்து ஒரு மாவட்டத்தைத் திரும்ப எண்ணவைத்தார்கள். பைடனுக்கு 99 ஓட்டுக் கூடியது, டிரம்புக்கு 261 குறைந்தது. அதற்குப் பிறகும் கருத்துக்கணிப்புகளில் அந்தக் கட்சிக்காரர்களில் பாதிக்கு மேல் 'பைடன் நியாயமாக ஜெயிக்கவில்லை' என்றே சொல்லி வந்தார்கள்.

11:46
பெரியப்பா: பணம் கட்டிய சேனல் மூடிவிட்டதா?

11:46
நான்: இல்லை. நன்றாக ஓடுகிறது.

11:47
பெரியப்பா: அப்போ?

(இந்த 'அப்போ?'வுக்கு எனக்கு இன்றுவரை பதில் வரவில்லை.)

பகல் 1:20
ஆட்டோ அண்ணன் (குரல் பதிவு): சவாரியில் இருந்தேன், இப்போதுதான் எல்லாவற்றையும் கேட்டேன். 2023 மார்ச்சில் ஒரு கூத்து நடந்ததே, தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளிகளை வெட்டுகிறார்கள் என்று. வேற மாநிலத்துச் சண்டையை எல்லாம் ஒட்டி வீடியோ விட்டார்கள். டிஜிபி சைலேந்திர பாபு வீடியோவில் வந்து பொய் என்றார். பீகார் அதிகாரிகளே வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். எல்லாம் முடிந்தது என்று நாம் மறந்துவிட்டோம். போன மாசம் அக்னி தீர்த்தத்தில் ஒரு பாட்னாக் குடும்பம் ஏறினார்கள். தனுஷ்கோடி போய்த் திரும்புகிற வரைக்கும் நல்ல பேச்சு. எனக்கும் இளநீர் வாங்கிக் கொடுத்தார்கள். இறங்கும்போது அந்தப் பெரியவர் மெதுவாகக் கேட்கிறார், நம்ம ஆட்களை இங்கே அடிப்பது இப்போ நின்றுவிட்டதா என்று. நடந்ததா என்று கேட்கவில்லை, நின்றுவிட்டதா என்றுதான் கேட்டார். நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன், அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்கிறேன். 'உங்களுக்குத் தெரிந்திருக்காது தம்பி' என்கிறார்.

1:23
அத்தை: இப்படிச் சொல்கிற இன்னொருவரையும் எனக்குத் தெரியும். சோப்பு வாங்கிக் கொடுத்த தங்கச்சிக்கே 'உனக்குத் தெரியாது' என்றார்.

1:24
மாமா: வடக்கே அப்படித்தான். மச்சான் சேனலும் அப்படித்தான். என் சேனல் ஆதாரம் இல்லாமல் ஒரு வார்த்தை பேசாது.

1:26
அத்தை: யாரு, நீங்களா? புது 2000 ரூபாய் நோட்டில் சிப் இருக்கிறது, 120 மீட்டர் ஆழத்தில் புதைத்தாலும் சாட்டிலைட் கண்டுபிடிக்கும் என்று 2016இல் உங்கள் சேனல்தானே சொன்னது? என் சீட்டுப் பணம் நாலு நோட்டை வெள்ளித்தாளில் சுற்றி அரிசிப் பானைக்குள் புதைத்தது யார்? அரிசி அளக்கும்போது தாளோடு கஞ்சியில் விழப் பார்த்தது.

1:28
மாமா: அது வேற. சிப் இருந்தது.

1:29
நான்: மாமா, ரிசர்வ் வங்கி தரப்பே அப்போது மறுத்துவிட்டது. அப்படி ஒரு சிப்பே கிடையாது.

1:30
மாமா: மறுக்கத்தான் செய்வான். இல்லாவிட்டால் 2023 மே மாசம் அந்த நோட்டை எல்லாம் ஏன் திரும்ப வாங்கினான்? யோசி.

1:31
பெரியப்பா: மாப்பிள்ளை சொல்வதிலும் ஒரு பாயிண்ட் இருக்கிறது.

(இவர்கள் இருவரும் ஒத்துப்போனது பதினைந்து வருடத்தில் இதுவே முதல் தடவை. தேர்தலுக்குத் தேர்தல் ஒருவர் வீட்டில் மற்றவர் காப்பி குடிக்கமாட்டார்.)

இரவு 8:10
தம்பி: பெரியப்பா, டிவியில் ஓடுகிறது பாருங்கள். அந்தப் படம் தென்சீனக் கடல் என்று மத்தியானமே பல பேர் ஆதாரத்தோடு போட்டுவிட்டார்கள். இப்போது உங்கள் சேனலில் படத்தைக் காணோம். தலைப்பையும் மாற்றிவிட்டார்கள். நேற்று 'கச்சத்தீவில் சீனா!' இன்றைக்கு 'கச்சத்தீவில் சீனா?'

8:13
ஆட்டோ அண்ணன்: ஆச்சரியக்குறி போய்க் கேள்விக்குறி வந்துவிட்டதா?

8:15
நான்: கேள்விக்குறிதான் அவர்களுக்கு லைஃப் ஜாக்கெட். நாளைக்கு யாராவது கேட்டால் 'நாங்கள் சொல்லவில்லையே, கேட்டோம்' என்பார்கள். நேற்றுச் சொன்னது தப்பு என்று எங்காவது போட்டார்களா தம்பி?

8:19
தம்பி: கீழே ஓடுகிற வரியில் ஒரு தடவை 'படம் குறித்து மாறுபட்ட தகவல்' என்று போனது. அதற்குப் பின்னாலேயே தங்கம் விலை வந்துவிட்டது.

8:20
பெரியம்மா: தங்கம் எவ்வளவாம்?

8:34
பெரியப்பா: நாலு பேர் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசுகிறார்கள் என்றால் ஒன்றும் இல்லாமலா பேசுவார்கள்.

8:35
அத்தை: அண்ணே, அந்த நாலு பேரில் ஒருவராவது கச்சத்தீவுக்குப் போயிருப்பாரா?

8:36
(பெரியப்பா படித்துவிட்டார். பதில் இல்லை.)

மறுநாள் காலை 5:48
குவைத் சித்தப்பா: (படம். பலமுறை பகிரப்பட்டது)
அண்ணே, எங்கள் ரூமில் எல்லார் போனுக்கும் இது வந்திருக்கிறது. கச்சத்தீவில் சீனா ஓடுதளமாம். உண்மையா? நேற்று டபுள் ஷிப்ட், குழுவைப் பார்க்க நேரம் இல்லை.

5:51
தம்பி: சித்தப்பா, மேலே போய்ப் படியுங்கள். தயவுசெய்து.

5:55
பெரியப்பா: அந்தப் படத்தை யாருக்கும் அனுப்பாதே தம்பி. அது வேற ஊர்ப் படம், நம் பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

5:56
பெரியப்பா: ஆனால் விஷயம் உண்மை.