பழைய ஃபிரிட்ஜில் மீனுக்குப் புகை போட முடியுமா?

பிறை மல்லிகை கேட்கிறார்:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு ஃபிரிட்ஜ் ஓடாமல் நிற்கிறது. 1990களின் கடைசியில் அப்பா வாங்கியது, இரண்டு கதவு. பழைய சாமான் எடுக்கும் லோரிக்காரர் முப்பது வெள்ளி (ரிங்கிட்) தருகிறேன் என்றார், நான் கொடுக்கவில்லை. அதைப் புகைப்பெட்டியாக மாற்ற வேண்டும் என்று ஓர் ஆசை.

போன ஆண்டு பகாங் பக்கம் போனபோது தெமர்லோவில் பாத்தின் சலாய், அதாவது புகை போட்ட பாத்தின் ஆற்றுமீன், வாங்கி வந்தோம். அம்மா அதில் தேங்காய்ப்பால் ஊற்றி, மஞ்சளும் சிலி பாடி என்னும் காரமான சின்ன மிளகாயும் அரைத்துப் போட்டுக் குழம்பு வைத்தார். முதல் கவளத்திலேயே அம்மா நிறுத்திவிட்டார். "தோட்டத்து வீட்டில் பாட்டி அடுப்புக்கு மேலே கயிற்றில் மீனைக் கட்டித் தொங்கவிடுவாள், அந்த வாசம்" என்றார். அவருக்கு எழுபத்தொரு வயது. அதற்குப் பிறகு மூன்று முறை கேட்டுவிட்டார். ஒவ்வொரு முறையும் தெமர்லோ வரை காரை ஓட்டிக்கொண்டு போக முடியாது.

என் திட்டம்: காய்கறி வைக்கும் கீழ்ப்பகுதியில் ஒரு தகரத் தட்டு, அதில் தேங்காய் மட்டையும் கரியும். மேலே புகை போக ஒரு துளை. பெட்டியோடு வந்த கம்பித் தட்டுகளிலேயே மீனை அடுக்குவேன். வீட்டில் ரம்புத்தான் மரம் வெட்டிய கட்டை காய்ந்து கிடக்கிறது. நாற்காலி செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் தம்பி ரப்பர் மரத் துண்டுகளும் கொண்டுவருகிறேன் என்கிறான். இது சரியாக வருமா? யாராவது செய்திருக்கிறீர்களா?

பட்டர்வொர்த் பழைய மெக்கானிக்:

மல்லிகையம்மா, முப்பத்திரண்டு ஆண்டுகள் குளிர்சாதன வேலை பார்த்தவன் நான். நெருப்பைப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

உங்கள் பெட்டியின் உட்சுவர் பிளாஸ்டிக். தண்ணீர் கொதிக்கும் சூட்டை எட்டுவதற்கு முன்பே அது தளர்ந்து தொய்யத் தொடங்கும். அதற்குப் பின்னால் இருப்பது பாலியூரித்தேன் நுரை. அது பற்றிக்கொண்டால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் கிளம்பும். உயிரை எடுக்கும் வாயுக்கள் இரண்டுமே. வெளிநாட்டுக்காரர்கள் வெற்றிகரமாகச் செய்து காட்டும் பெட்டிகள் பெரும்பாலும் 1950களில் வந்தவை. அவற்றின் உட்புறம் பீங்கான் பூச்சிட்ட இரும்பு, சுவருக்குள் கண்ணாடி நார். அந்தப் பெட்டி தாங்கும் சூட்டை உங்கள் பெட்டி தாங்காது.

அடுத்தது பெட்டியைக் குளிரவைக்கும் கேஸ். கம்ப்ரசர் பக்கத்திலோ பின்புறத்திலோ ஒட்டியிருக்கும் தாளைப் பாருங்கள். ஆர்-12 என்றிருந்தால் அது ஓசோன் படலத்தை அரிப்பது. 1987-இல் மொன்ட்ரியல் ஒப்பந்தம் வந்ததே இந்த வகை வாயுக்களுக்காகத்தான். ஆர்-134ஏ என்றிருந்தால் ஓசோனுக்குக் கேடில்லை, ஆனால் கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரத்து நானூறு மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும். புதிய பெட்டிகளில் ஆர்-600ஏ இருக்கும். அது ஐசோபியூட்டேன், தீப்பிடிப்பது. ஆகவே எந்தக் குழாயையும் நீங்களாக வெட்ட வேண்டாம். கேஸைச் சிலிண்டரில் உறிஞ்சி எடுக்கக் கருவி இருக்கிறது. தெரு முனையில் குழாயை நறுக்கிக் காற்றில் விட்டுவிட்டுப் போகும் ஆட்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

பெட்டியோடு வந்த கம்பித் தட்டுகளும் வேண்டாம். பழைய தட்டுகள் சிலவற்றில் காட்மியம் என்ற நச்சு உலோக முலாம் உண்டு. துருப்பிடிக்காத எஃகுத் தட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, வீட்டில் பேரப்பிள்ளைகள் இருந்தால். கொக்கிப்பூட்டு வைத்த பழைய ஃபிரிட்ஜுகளுக்குள் ஒளிந்து விளையாடப் போய்க் குழந்தைகள் இறந்ததால்தான், உள்ளிருந்து தள்ளினால் கதவு திறக்க வேண்டும் என்று அமெரிக்காவில் 1956-இல் சட்டமே போட்டார்கள். உங்களுடையது காந்த ரப்பர் வைத்த கதவாக இருக்கும், ஆனாலும் வேலை இல்லாத நேரத்தில் கதவைச் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள்.

நிபோங் திபால் தோட்டத்து மகன்:

ஐயா சொன்னதற்கு மேல் எச்சரிக்கை சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால் தங்கை, உங்கள் ஆசையை விட வேண்டாம். நெருப்பை வெளியே வைத்துப் புகையை மட்டும் உள்ளே அனுப்பலாம். எங்கள் அப்பா தோட்டத்துப் புகைவீட்டில் பதினெட்டு ஆண்டுகள் வேலை செய்தவர். ரப்பர் ஷீட்டுக்குச் செய்த அதே முறைதான் இது.

ரப்பர் பால் உறைந்து, உருளையில் அழுத்தி, தண்ணீர் சொட்டச் சொட்ட ஷீட்டுகள் வரும். அவற்றைக் கழிகளில் வரிசையாகத் தொங்கவிடுவார்கள். அடுப்பு வீட்டுக்கு வெளியே தாழ்வாக இருக்கும். புகை தரைக்கடியில் ஓடி உள்ளே ஏறும். கூரையில் திறந்து மூடும் பலகைகள். முதல் நாள் பலகைகளை நன்றாகத் திறந்து வைத்து, சூட்டைக் குறைத்து, ஈரத்தை வெளியேற்றுவார் அப்பா. ஈரம் போன பிறகுதான் பலகையைச் சாத்தி, சூட்டை அறுபது டிகிரி வரை ஏற்றுவார். நான்கைந்து நாள் போகும். நடு இரவில் எழுந்து போய்க் கட்டை தள்ளிவிட்டு வருவார். அவருடைய சட்டை எத்தனை முறை துவைத்தாலும் அந்த வாசம் போகாது. உங்கள் அம்மா சொன்ன வாசத்தை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது.

ஈரமான ஷீட்டின் மேல் கனத்த புகை பட்டால் அழுக்காகப் படிந்துவிடும் என்பார் அப்பா. மீனும் அப்படித்தான். உப்புத் தண்ணீரிலிருந்து எடுத்த மீனைத் துடைத்து, மின்விசிறியின் கீழ் வைத்து, மேற்புறம் விரலில் லேசாக ஒட்டும் பதம் வரும்வரை காயவிடுங்கள். அந்தப் பதத்தில்தான் புகை நன்றாகப் பிடிக்கும்.

என் அமைப்பு இது. தரையில் செங்கல் அடுக்கி ஒரு சிறு அடுப்பு. அங்கிருந்து மூன்று மீட்டர் நீளத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் குழாய், மேல்நோக்கிய சரிவில். துத்தநாகப் பூச்சுக் குழாய் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அடுப்புச் சூட்டில் அதன் பூச்சு நச்சுப்புகை விடும். பெட்டியை இரண்டடி மேடையில் ஏற்றி, குழாயை அதன் அடிப்பக்கம் நுழைத்திருக்கிறேன். எதிர்மூலையில் மேலே ஒரு புகைபோக்கி. குழாயில் வரும்போதே புகை ஆறிவிடும். கதவில் ஒரு வெப்பமானி. மீன் வைப்பதற்கு முன் வெறும் பெட்டியில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். முள் ஐம்பதைத் தாண்டினால் குழாய் போதவில்லை என்று பொருள். இதைத் தெரியாமல் நான் முதல் பெட்டியில் அடுப்பை மிக அருகில் வைத்தேன். முக்கால் மணி நேரத்தில் பக்கச்சுவர் தொய்ந்து மீனின் மேல் சாய்ந்துவிட்டது. ஒன்பது மீன், எல்லாவற்றையும் புதைத்தோம்.

வெள்ளையாகக் கொழகொழவென்று வரும் புகை கசக்கும், நெருப்புக்குக் காற்று போதாததன் அடையாளம் அது. மெல்லிய நீலம் ஓடினால் சரி. உங்கள் ரம்புத்தான் கட்டை அருமையானது. தம்பி தரும் துண்டுகளைத் தொடாதீர்கள். நாற்காலிக்குப் போகும் ரப்பர் மரத்தைப் பூச்சி அரிக்காமலிருக்க போரான் மருந்தில் ஊறவைக்கிறார்கள். தோட்டத்தில் வெட்டிய பச்சை ரப்பர் கட்டை வேறு, அதைத்தான் அப்பா எரித்தார்.

பிறை மல்லிகை:

அண்ணன், ஐயா, இரண்டு பேருக்கும் நன்றி. தாளைப் பார்த்தேன், ஆர்-134ஏ. ஒரு சந்தேகம். ஐம்பது டிகிரியைத் தாண்டக் கூடாது என்றால் மீன் எப்படி வேகும்?

மீன்கடை அக்கா, பாலிக் புலாவ்:

வேகாது, தங்கச்சி. நான் சொல்ல வந்ததே அதுதான். ஐந்திலிருந்து அறுபது டிகிரிக்குள்தான் கிருமி பெருகும். பச்சை மீனை நாற்பது ஐம்பதில் மணிக்கணக்காகத் தொங்கவிட்டால் கிருமிக்கு விருந்து வைத்த மாதிரி. குளிர்நாட்டுக்காரர்கள் முப்பதுக்குக் கீழே புகை போட்டு அப்படியே சாப்பிடுகிறார்கள். நம் பினாங்கில் விடியற்காலையிலேயே இருபத்து நான்கு இருக்கிறது, மதியம் முப்பத்திரண்டு. அந்த முறை நமக்கு ஒத்துவராது.

மாசிக் கருவாட்டை எப்படிச் செய்கிறார்கள்? மாலத்தீவில் சூரையை முதலில் வேகவைத்து, பிறகு புகை போட்டு, வெயிலில் காயவைக்கிறார்கள். நீங்களும் முதலில் வேகவையுங்கள். பாத்தினைக் கனமான துண்டுகளாகப் போட்டு, லிட்டருக்கு எண்பது கிராம் உப்பு கரைத்த குளிர்ந்த தண்ணீரில் ஒரு மணி நேரம், ஃபிரிட்ஜுக்குள் வைத்து. பிறகு ஆவியில். நடுத்துண்டில் வெப்பமானி அறுபத்து மூன்றைக் காட்ட வேண்டும். பாத்தின் கொழுப்பான மீன், அதற்கு மேல் விட்டால் உதிரும். துடைத்து, விசிறிக் காற்றில் கால் மணி நேரம், அதன் பின் ஒன்றரை மணி நேரம் புகை. எடுத்தவுடன் குழம்புக்குப் போட்டுக் கொதிக்கவிடுங்கள், இல்லையென்றால் உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள்.

கெம்போங்கும் (கானாங்கெளுத்தி வகை) சூரையும் ஆசையாக இருக்கும், ஆனால் ஐஸ் விலகாமல் வந்த மீனாக இருந்தால் மட்டும். வெயிலில் நின்ற மீனில் ஹிஸ்டமின் என்ற ஒவ்வாப் பொருள் ஊறிவிடும். அதை வேகவைத்தாலும் போகாது, புகை போட்டாலும் போகாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து தடிக்கும், தலை இடிக்கும். என் கடையில் காலை பத்து மணிக்கு மேல் நிற்கும் கெம்போங்கை நான் சலாய் போடுகிறவர்களுக்கு விற்பதே இல்லை.

புகை போட்ட மீனைக் காற்றுப்புகாத பையில் அடைத்து மேசையில் வைக்காதீர்கள். உயிருக்கே ஆபத்தான உணவு நஞ்சை உண்டாக்கும் போட்டுலிசம் கிருமிக்குக் காற்றில்லாத இடம்தான் பிடிக்கும். இரண்டு நாளில் சாப்பிடுவதை மட்டும் போடுங்கள். விற்கிற எண்ணம் வந்தால் மலேசியாவின் 2009-ஆம் ஆண்டு உணவுத் தூய்மை விதிகளின்படி பயிற்சியும் டைஃபாய்டு தடுப்பூசியும் கட்டாயம்.

பட்டர்வொர்த் பழைய மெக்கானிக்:

அக்கா சொன்ன முறைக்கு அந்தப் பெட்டி போதும். மல்லிகையம்மா, வருகிற ஞாயிறு பத்து மணிக்கு உறிஞ்சும் கருவியோடு வருகிறேன். கேஸை எடுத்துவிட்டு, கம்ப்ரசரையும் எண்ணெயோடு கழற்றித் தருகிறேன். அது மின்கழிவு, குப்பைத் தொட்டியில் போட வேண்டாம், எங்கே கொடுப்பது என்று நேரில் சொல்கிறேன். காசு வேண்டாம், குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் போதும்.

பிறை மல்லிகை:

ஐயா, கட்டாயம் வாருங்கள். அம்மாவிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். "வேகவைத்துவிட்டுப் புகை போடுவதா, பாட்டி அப்படிச் செய்யவில்லையே" என்றார். பாட்டி அடுப்புக்கு மேலே நாள் கணக்கில் காயவைத்தது உள்ளங்கை அளவு மீன், இது கனத்த துண்டு என்று சொன்னதும் ஒத்துக்கொண்டார். இப்போது அவரே மாமரத்தடியில் இடம் பார்த்து, பக்கத்து வீட்டுத் துணிக்கொடிக்குப் புகை போகாத திசையில் செங்கல் வைத்து அடையாளம் போட்டிருக்கிறார். நாளை வெப்பமானி இரண்டு வாங்கப் போகிறேன், ஒன்று கதவுக்கு, ஒன்று மீனுக்கு. தோட்டத்து அண்ணன், உங்கள் குழாய் எத்தனை அங்குல விட்டம்?

நிபோங் திபால் தோட்டத்து மகன்:

நான்கு அங்குலம். மூன்று போட்டேன், இழுவை போதவில்லை.