அலமாரிச் சுவரில் பூஞ்சை: வீடு முழுக்கக் காற்றோட்டக் கருவி மாட்டலாமா? (பினாங்கு)

மலையடிவாசி, ஆயர் ஈத்தாம்:

வணக்கம். மலையை ஒட்டிய அடுக்குமாடியில் நான்காவது மாடி எங்கள் வீடு. பெரிய படுக்கையறைக்கு அடுத்த சின்ன அறையில் துணி அலமாரி இருக்கிறது. அதன் பின்சுவரில் கறுப்பாகப் பூஞ்சை படர்கிறது. துடைத்தால் போகும், மழைக்காலம் வந்தால் திரும்பிவிடும். அம்மாவின் பட்டுப்புடவைகளிலும் வெள்ளைப் புள்ளிகள். அம்மாவுக்கு ஆஸ்துமா, அதனால் இதை இப்படியே விட முடியாது. படுக்கையறையில் இரவு முழுக்க ஏர்கோன் ஓடும். அங்கே பூஞ்சை இல்லை, ஆனால் காலையில் எழுந்தால் எல்லாருக்கும் தலை பாரம்.

வெப்பம் மீட்கும் காற்றோட்டக் கருவியை (வெளியே போகும் காற்றுக்கும் உள்ளே வரும் காற்றுக்கும் இடையே வெப்பத்தைக் கைமாற்றுவது) வீடு முழுக்கக் குழாய் போட்டு மாட்டச் சொல்கிறார் ஒரு விற்பனையாளர். ஜெர்மனியில் இருக்கும் அண்ணனும் "எங்கள் வீட்டில் அதுதான், ஈரமே கிடையாது" என்கிறார். விலையைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. வாங்கலாமா?

சுங்கை ஆரா அக்கா:

தம்பி, பணம் கொடுப்பதற்கு முன் சிலது சொல்லுங்கள். ஏர்கோனை எத்தனையில் வைக்கிறீர்கள்? பூஞ்சை பிடித்த சுவருக்கு அந்தப் பக்கம் எது? சின்ன அறையின் சன்னல் எங்கே திறக்கிறது? துணி எங்கே காயப் போடுகிறீர்கள்? ஈரப்பதமானி ஒன்று வாங்கி அலமாரிக்குப் பின்னால் வையுங்கள், விலை அதிகமில்லை.

மலையடிவாசி:

ஏர்கோன் 18-இல். சுவருக்கு அந்தப் பக்கம் படுக்கையறைதான், ஏர்கோன் காற்று நேராக அந்தச் சுவரில்தான் அடிக்கிறது. சின்ன அறை சன்னல் பின்கட்டு யார்டைப் பார்த்தது. மழைச் சாரல் வருகிறதென்று யார்டைக் கண்ணாடி போட்டு அடைத்துவிட்டோம். துவைக்கும் இயந்திரமும் துணிக்கொடியும் அங்கேதான்.

பட்டர்வொர்த் ஏர்கோன் வேலைக்காரன்:

சரி, பாதி விடை இதிலேயே வந்துவிட்டது. நான் பார்க்கும் வீடுகளில் பூஞ்சை அடிக்கடி ஏர்கோன் அறையில் இருக்காது, பக்கத்து அறையில் இருக்கும். பினாங்கில் வெளிக்காற்று ஆண்டு முழுக்க ஏறத்தாழ 24 டிகிரியிலேயே வியர்க்கக்கூடியது. அதாவது எந்தப் பரப்பு 24-க்குக் கீழே குளிர்ந்தாலும் அதில் நீர் படியும். 18-இல் குளிர்காற்று அடிக்கும் மெல்லிய செங்கல் சுவரின் மறுபக்கமும் குளிர்ந்துவிடும். அங்கே அலமாரியை ஒட்டி வைத்தால் பின்னால் காற்றுப் போகாது, ஈரம் காயாது. யார்டில் காயும் துணியின் ஈரமும் அந்தச் சன்னல் வழியாக உள்ளேதான் வருகிறது. பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்?

இப்போது ஜெர்மனி விஷயம். அண்ணன் பொய் சொல்லவில்லை. அங்கே குளிர்காலத்தில் வெளிக்காற்று 0 டிகிரி என்றால் ஒரு கன மீட்டரில் 5 கிராமுக்கும் குறைவான நீர்தான் இருக்கும். அந்தக் காற்றை உள்ளே விட விட வீடு காயும். நமக்கு 30 டிகிரி, 75 விழுக்காடு ஈரப்பதம் என்றால் கன மீட்டருக்கு ஏறக்குறைய 23 கிராம். ஏர்கோன் ஓடும் அறையில் 25 டிகிரி, 60 விழுக்காடு என்றால் 14 கிராம். மணிக்கு 60 கன மீட்டர் வெளிக்காற்றை விட்டால் அரை லிட்டருக்கு மேல் நீரும் கூடவே வரும். எட்டு மணி நேரத்தில் நான்கு லிட்டர். வெப்பத்தை மட்டும் மீட்கும் கருவி இதைத் தடுக்காது. அங்கே காய வைக்கிற அதே கருவி இங்கே ஈரத்தை உள்ளே கொண்டுவரும்.

தஞ்சோங் தொக்கோங் வாசகர்:

ஏர்கோன் வேலை பார்க்கும் அண்ணன் சொல்வது சரி, ஆனால் ஒன்றைச் சேர்க்கிறேன். ஈரத்தையும் சேர்த்துக் கடத்தும் சவ்வு வைத்த கருவிகளும் உண்டு. ஏர்கோன் போட்டு மூடிய வீட்டில் அவை உள்ளே வரும் ஈரத்தில் பாதியையோ அதற்கு மேலோ திரும்ப வெளியே அனுப்பும். 2015, 2019 மாதிரி புகைமூட்டம் வந்தால் வடிகட்டி வழியாகக் காற்று வருவதும் பெரிய ஆறுதல். நாள் முழுக்க எல்லா அறையும் மூடிக் கிடக்கும் கொண்டோவுக்கு யோசிக்கலாம். பகலில் சன்னல் திறந்து வைக்கிற வீட்டில் உள்ளும் புறமும் ஒரே ஈரம், மீட்க ஒன்றுமில்லை.

பட்டர்வொர்த் ஏர்கோன் வேலைக்காரன்:

உண்மை. அதனால்தான் வீடு முழுக்க ஒரே தீர்வு தேடாதீர்கள் என்கிறேன். மூடும் அறை எது, திறக்கும் அறை எது என்று முதலில் பிரியுங்கள்.

திறக்கும் பகுதிக்குக் காற்று குறுக்கே ஓட வேண்டும். 1984 கட்டட விதிகளே அறையின் தரைப்பரப்பில் 10 விழுக்காடு சன்னலும், 5 விழுக்காடு தடையில்லாத திறப்பும் கேட்கின்றன. யார்டை அடைத்ததில் சின்ன அறைக்கு அது பறிபோய்விட்டது. கண்ணாடியை எடுத்துவிட்டு நாக்கோ சன்னல் (சாய்த்துத் திறக்கும் கண்ணாடிப் பட்டைகள்) போடுங்கள், சாரலும் தடுக்கும், காற்றும் வரும். உள்பக்கம் கொசுவலை அடியுங்கள். மேலே ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வெளியே தள்ளட்டும், துணி காயும்போது ஓடினால் போதும். அடுக்குமாடி என்பதால் முன்கூட்டியே நிர்வாகத்திடம் கேளுங்கள்.

மூடும் அறைக்கு, ஏர்கோனை 25-இல் வைத்துக் காத்தாடியை மெதுவாகப் போடுங்கள். ஏர்கோன் வாயில் காற்றைத் திருப்பும் இலையை, காற்று அந்தச் சுவரில் படாதபடி திருப்புங்கள். தலை பாரத்துக்குக் காற்று மாறாததும் காரணமாக இருக்கலாம். சாதாரண ஏர்கோன் உள்காற்றையே சுற்றவிடும், புதுக்காற்று கொண்டுவராது. கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துப் பாருங்கள். போதாவிட்டால் வடிகட்டியோடு சுவரில் பொருத்தும் சின்ன காற்றுவிடும் விசிறி ஒன்று படுக்கையறைக்கு மட்டும் போதும்.

மலையடிவாசி:

மானி வைத்துப் பார்த்தேன். ஈரப்பதம் அலமாரிக்குப் பின்னால் 88 விழுக்காடு, கூடத்தில் 76. ஏர்கோனை 25-க்கு மாற்றி, அலமாரியைச் சுவரிலிருந்து இழுத்து, யார்டின் கண்ணாடிக் கதவைத் திறந்து விட்டதும் பின்னால் 79-க்கு இறங்கியிருக்கிறது. விற்பனையாளரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். புடவைகளுக்கு என்ன செய்வது, அக்கா?

சுங்கை ஆரா அக்கா:

79 இன்னும் அதிகம், தம்பி. 70-க்குக் கீழே வந்தால்தான் பூஞ்சைக்குப் பிடிமானம் இருக்காது. அந்த ஒரு அறைக்கு ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வாங்குங்கள். அது ஓடும்போது மட்டும் சன்னலையும் கதவையும் மூட வேண்டும், இல்லாவிட்டால் ஊர்க்காற்றையெல்லாம் காய வைத்துக்கொண்டிருக்கும். புடவைகளை வெயில் நேராகப் படாத நிழலில் உலர்த்தி, பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள், பிளாஸ்டிக் பை வேண்டாம். சுவரை அம்மா வீட்டில் இல்லாத நேரத்தில், முகக்கவசம் போட்டு, சோப்புத் தண்ணீர் நனைத்த துணியால் துடையுங்கள். காய்ந்தபின் சுரண்டாதீர்கள், தூள் பறக்கும்.

பட்டர்வொர்த் ஏர்கோன் வேலைக்காரன்:

இன்னொன்று, குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் அதன் குழாய் எங்கே முடிகிறது என்று பாருங்கள். பொய்க்கூரைக்குள்ளேயே விட்டுவிட்டுப் போயிருப்பார்கள், அந்த ஈரம் எங்கும் போகாது. வெளிச்சுவர் வரை இழுக்கச் சொல்லுங்கள், கதவுக்கு அடியில் ஒரு விரல் இடைவெளியும் விடுங்கள்.