மறு: பேஷ் பிளேட்டுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

> எண்டுரோ வண்டிக்கு (கரடுமுரடான காட்டுப்பாதையில் ஓட்டும் பைக்) கூடுதல் பாகங்கள் பூட்டும் முறையை எழுதிக்கொண்டிருக்கிறேன். பேஷ் பிளேட் (என்ஜினுக்கு அடியில் மாட்டும் தகடு), ஹேண்ட் கார்டு, டிஸ்க் கார்டு, ரிம் லாக் இவற்றுக்குச் சொல் வேண்டும். இப்போதைக்கு எல்லாவற்றிலும் "பாதுகாப்பு" சேர்த்து வைத்திருக்கிறேன்.

தம்பி, அந்தப் "பாதுகாப்பு"தான் இடிக்கிறது. "இயந்திர அடிப்பகுதிப் பாதுகாப்புத் தகடு" என்று படித்து முடிப்பதற்குள் வண்டி பாறையில் ஏறி இறங்கிவிடும். ஒரே பக்கத்தில் ஐந்து "பாதுகாப்பு" வந்தால் மெக்கானிக் எதை எடுத்து மாட்டுவார்?

சிக்கல் "கார்டு" என்ற சொல்லிலேயே இருக்கிறது. டிஸ்க் கார்டு டிஸ்கைக் காக்கிறது. சாரி கார்டு சேலையைக் காக்கிறது. மட்கார்டு? சேற்றைக் காக்கவில்லை, சேற்றைத் தடுக்கிறது. காக்கப்படும் பொருளோடும் ஒட்டும், தடுக்கப்படும் பொருளோடும் ஒட்டும் சொல் அது. தமிழில் அப்படிச் செய்தால் "சேற்றுக் காப்பு" என்றாகி, சேற்றுக்கு யாரோ காவல் இருப்பதுபோல் ஆகிவிடும். அதனால் நான் இப்படி வைத்துக்கொள்கிறேன்: எதைத் தடுக்கிறோமோ அதோடு தடுப்பு (சேறுதடுப்பு), எதைக் காக்கிறோமோ அதோடு கவசம் (டிஸ்க் கவசம், ரேடியேட்டர் கவசம்). தலைக்கவசம் ஏற்கனவே இந்த வழியில்தான் வந்து நிலைத்தது.

இந்த இரண்டிலும் அடங்காதது பேஷ் பிளேட். (நம்மூரில் "பேஷ்" என்றால் பாராட்டு. ஆங்கிலத்தில் அடி.) கவசம் அடி படாமலிருக்க; இது அடி படுவதற்காகவே இருக்கிறது. பாறையில் உரசி, கீறல் விழுந்து, நெளிந்து, ஒருநாள் கழற்றிப் போட்டுவிட்டு வேறு மாட்டுவோம். மாட்டுக்கு நாம் அதைத்தானே செய்தோம்? குளம்பு தேயாமலிருக்க இரும்பைத் தேயவிட்டோம். என் பரிந்துரை: அடிலாடம். பேச்சில் வெறும் "லாடம்" போதும்.

> லாடம் காலுக்கு. வண்டிக்குக் கால் டயர்தானே? வயிற்றில் மாட்டுவதை லாடம் எனலாமா?

நியாயமான கேள்வி. ஆனால் லாடம் மாட்டுக் குளம்போடு நின்றுவிடவில்லை. பூட்ஸ் குதிகாலில் அடிக்கும் இரும்பையும் லாடம் என்றுதான் சொல்கிறோம். தரையோடு உரசித் தேயும் இடத்தில் வைக்கும் மாற்றுப்பொருள் என்ற கருத்து அந்தச் சொல்லுக்குள் எப்போதோ வந்துவிட்டது. காவல் நிலையத்தில் "லாடம் கட்டுவது" வேறு சங்கதி, அதை விட்டுவிடுவோம்.

> ல மொழிமுதலில் வராது.

வராதுதான். "அடியிலாடம்" என்று எழுத விரும்புகிறவர்கள் எழுதட்டும். பட்டறையில் யாரும் அப்படிச் சொல்லப் போவதில்லை.

மற்றொருவர் சொன்ன "சறுக்குத் தகடு", பேஷ் பிளேட்டின் இன்னொரு பெயரான ஸ்கிட் பிளேட்டின் நேர் பெயர்ப்பு. வண்டி ஓட்டுகிறவனிடம் "சறுக்கு" என்று சொல்லிப் பாருங்கள், அவன் நினைப்பது விழுவதை. "அடித்தட்டு" ஏற்கனவே ஏழை மக்களுக்குப் போய்விட்டது. "தகடு" என்பதிலும் ஒரு குறை இருக்கிறது. அலுமினியத்தில், பெரும்பாலும் 4 மி.மீ. தடிமனில், வருவதைத் தகடு எனலாம். எண்டுரோ ஓட்டுபவர்களில் பலர் விரும்புவது தடித்த பிளாஸ்டிக்கை, நீல டிரம் செய்கிற அதே வகை. அது பாறையில் வழுக்கிக்கொண்டு போகும். அலுமினியம் பாறையைப் பிடித்துக்கொள்ளும், அதோடு என்ஜின் சத்தத்தைத் தாம்பாளம் மாதிரி எதிரொலிக்கும். இரண்டுக்கும் பொதுவான பெயர் தகடாக இருக்க முடியாது, லாடமாக இருக்க முடியும்.

எனக்கு இதில் சொந்த வலி உண்டு. முன்பு வைத்திருந்த வண்டியில், லாடம் இல்லாமல் ஒரு பழைய கல்குவாரிப் பாதையில் இறங்கினேன். கல் ஒன்று ஆயில் போல்ட் இருக்கும் இடத்தில் குத்தியது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. பின்னால் திரும்பிப் பார்த்தால் வந்த வழியெல்லாம் கறுப்புக் கோடு. நான்கு கிலோமீட்டர் தள்ளினேன். இப்போது ஓட்டும் எக்ஸ்பல்ஸ் 200-க்குத் தரையிலிருந்து 220 மி.மீ. இடைவெளி. காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. நேரில் அரை முழம்.

ஹேண்ட் கார்டுக்கு "கைக்காப்பு" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். அழகான சொல், ஆனால் அது நகைக்கடையில் இருக்கிறது. மேலும் இது ஒரு பொருளல்ல, இரண்டு. ஒன்று முன்னால் மட்டும் நிற்கும் பிளாஸ்டிக் மடல்: சீமைக்கருவேலங் கிளையும் குளிர்காற்றும் விரலில் படாமல் பார்த்துக்கொள்ளும், விழுந்தால் உதவாது. மற்றது ஹேண்டில்பார் முனையில் தொடங்கி லீவரைச் சுற்றி வளைந்து மறுபடி பாரிலேயே வந்து பிடிக்கும் அலுமினியச் சட்டம்: கிளட்ச் லீவர் உடையாமல் காப்பது இதுதான். முதலாவதைக் கைமறை என்றும் இரண்டாவதைக் கைச்சட்டம் என்றும் சொல்லலாம் என்று நினைக்கிறேன். முனையில் பாருக்குள் நுழைந்து இறுகும் துண்டு இருக்கிறதே, அதற்குப் பூண். உலக்கைக்கு இருப்பது வெளியே, இது உள்ளே, அவ்வளவுதான் வித்தியாசம். இதில் நான் பிடிவாதம் பிடிக்க மாட்டேன்.

ரிம் லாக் – டயர்க் கவ்வி. காற்றைக் குறைத்து ஓட்டும்போது டயர் மட்டும் ரிம்மில் சுற்றி, டியூபின் வால்வைப் பிய்த்துவிடும். அப்படிச் சுற்றவிடாமல் டயரின் ஓரத்தை ரிம்மோடு அழுத்திக் கவ்வும் துண்டு இது. பூட்டு அல்ல.

"எண்டுரோ"வுக்கே சொல் தேட வேண்டாம். 1913-இல் இங்கிலாந்தின் கார்லைலில் தொடங்கிய ஆறு நாள் மோட்டார் சைக்கிள் போட்டியே 1981-இல்தான் தன் பெயரில் எண்டுரோவைச் சேர்த்துக்கொண்டது. (அதில் வண்டி பழுதானால் ஓட்டுபவர்தான் சரிசெய்ய வேண்டும், வெளியாள் கை வைக்கக் கூடாது. லாடத்தின் அருமை அவர்களுக்குத் தெரியும்.) பெயர் பெயராகவே இருக்கட்டும்.

சொல் ஓடுகிறதா என்று பார்க்க, உங்கள் குறிப்பின் ஒரு பத்தியை எழுதிப் பார்த்தேன்:

"லாடத்தை என்ஜினில் பிடிக்காதீர்கள், சேஸிஸ் குழாயில் பிடியுங்கள், அடி என்ஜினுக்குப் போகக் கூடாது. எல்லா போல்ட்டையும் முதலில் கையால் இரண்டு மூன்று மரை ஏற்றிவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக இறுக்குங்கள். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டால் அடுத்த ஓட்டை நேர் நிற்காது. குழாய்க்கும் லாடத்துக்கும் நடுவே ரப்பர்த் துண்டு வைத்தால் சத்தம் குறையும். ஆயில் மாற்றும் போல்ட்டுக்கு நேரே லாடத்தில் ஓட்டை இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். சேற்றில் ஓட்டி வந்தால் லாடத்துக்குள் தண்ணீர் பாய்ச்சிக் கழுவுங்கள். உள்ளே சேறு காய்ந்து கிடந்தால் ஆயில் கசிவு கண்ணில் படாது."

போன வாரம் பட்டறை அண்ணனிடம் இந்தச் சொல்லைச் சும்மா போட்டுப் பார்த்தேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "லாடத்துக்கும் என்ஜினுக்கும் நடுவுல கல்லு மாட்டியிருக்கு, கழட்டட்டுமா?" என்றார்.

மிச்சமிருப்பது, அதிர்வில் போல்ட் கழலாமலிருக்க மரையில் தடவும் அந்த நீலப் பசை. "மரைப்பசை" என்று வைத்திருக்கிறேன். "மரை கழண்டவன்" என்று திட்டுகிற ஊரில் அது விளங்காமல் போகாது என்று நம்பிக்கை. சனிக்கிழமை செயின் மாற்றப் போகிறேன், அண்ணனிடம் அதையும் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.