பொருள்: டீபிரிஸ்கிரைபிங்குக்கு ‘மருந்து களைதல்’ சரிவருமா?

வணக்கம். ஒருவருக்கு இனி தேவையில்லாத, அல்லது தீங்கு செய்கிற மருந்துகளை மருத்துவர் பார்த்து நிதானமாக விலக்குவதை ஆங்கிலத்தில் டீபிரிஸ்கிரைபிங் என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘மருந்து களைதல்’ என்பது என் பரிந்துரை. அதற்கு வந்த கேள்வி இது:

> ‘மருந்து நிறுத்தம்’ என்று எளிமையாகச் சொன்னால் போதாதா?

போதாது ஐயா. நோயாளி தானாக மாத்திரையை விட்டுவிடுவதும் நிறுத்தம்தானே? ஆஸ்திரேலிய முதியோர் மருத்துவர் மைக்கேல் உட்வார்ட் 2003-இல் கட்டுரைத் தலைப்பாகவே வைத்த ‘டீபிரிஸ்கிரைபிங்’ என்ற சொல், மருத்துவர் பொறுப்பெடுத்துச் செய்கிற வேலையைக் குறிக்கிறது.

ஒரு பாட்டியை எடுத்துக்கொள்வோம். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறார். கணுக்கால் வீங்குகிறது. அது அந்த மாத்திரையின் பக்கவிளைவு. ஆனால் வேறொரு மருத்துவர் புது நோய் என்று நினைத்து நீர் பிரிய மாத்திரை எழுதுகிறார். ராத்திரியில் அடிக்கடி எழவேண்டியிருக்கிறது, தூக்கம் கெடுகிறது. அதற்கு அல்பிரசோலம். இப்போது எழுந்தாலே தள்ளாடுகிறார். விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். இதில் எதை முதலில் எடுப்பது என்று யோசிக்கவேண்டும். அல்பிரசோலத்தை நெடுநாள் சாப்பிட்டவர் சட்டென விட்டால் வலிப்புகூட வரலாம். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்கவேண்டும். இந்த நிதானம் எதுவும் ‘நிறுத்தம்’ என்ற சொல்லில் இல்லை என்பதுதான் என் கவலை.

‘மருந்துக் குறைப்பு’ என்றால் அளவுக் குறைப்பு என்றே படுகிறது. எண்ணிக்கையைக் குறைப்பதே குறிக்கோள் என்ற தொனியும் வேண்டாம். அயர்லாந்தில் உருவாகி 2008-இல் வெளிவந்த ஸ்டாப்/ஸ்டார்ட் (STOPP/START) அளவுகோல்கள், அதாவது முதியோருக்கு எந்த மருந்தைத் தவிர்ப்பது, எதைத் தொடங்குவது என்று மருத்துவருக்குச் சொல்லும் பட்டியல்கள், எழுதாமல் விட்டுப்போன அவசிய மருந்தைச் சேர்க்கவும் சொல்கின்றன. ‘மருந்தொழிப்பு’ வேண்டவே வேண்டாம், போதை ஒழிப்பு மாதிரி இருக்கிறது.

‘களைதல்’ என்றால் மருந்தைக் களைச்செடி ஆக்குகிறோமே என்று இன்னொரு நண்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் உடை களைகிறோம், நகை களைகிறோம். வேண்டியபோது அணிந்ததைத்தான் களைகிறோம். ஒரு காலத்தில் தேவைப்பட்டு இன்று தேவையில்லாமல் போன மருந்துக்கு இது அப்படியே பொருந்துகிறது. ஒவ்வொன்றாக எடுப்பது என்ற குறிப்பும் உண்டு. ‘அல்பிரசோலம் களையப்படுகிறது’ என்று மருந்துச்சீட்டில் எழுதினாலும் உறுத்தாது.

அப்புறம், பாட்டிக்கு ஒரு மாத்திரையின் விளைவுக்கே அடுத்த மாத்திரை வந்ததே, அந்த பிரிஸ்கிரைபிங் கேஸ்கேடுக்கு ‘மருந்துச் சங்கிலி’ என்று முன்பு வந்த பரிந்துரை எனக்கு நிறைவாக இல்லை. மருந்து விநியோகம் என்று நினைத்துவிடுவார்கள். ‘மருந்துவழி மருந்து’ எப்படி?

அன்புடன்.